கோல் கம்பத்தருகே ஒரு பச்சைக் கார்

அத்தியாயம் 11

ரயில் நிலையத்து வேலியில் ஒரு வாலாட்டிக் குருவி வசித்து வந்தது. தான் வாலை ஆட்டும்போதெல்லாம் கோதுமை ரயில் நகர்வதைக் கண்ட அது, ரயிலை நகர்த்துவது தன் வால்தான் என்று நம்பத் தொடங்கியது. மற்றப் பறவைகள் சிரித்தன. ஒரு நாள் தாகம் தாளாமல் குருவி குளத்துக்குப் போயிற்று. அன்றைக்கென்று பார்த்து ரயில் வரவில்லை. அதன் பிறகு எந்தப் பறவையும் சிரிக்கவில்லை. குருவிக்கு வேண்டிய தண்ணீரை அவையே கொண்டுவந்து கொடுத்தன. அது வேலியை விட்டு இறங்கிவிடாமலும் பார்த்துக்கொண்டன.

குர்ரபின் ஊரில் 1982ஆம் ஆண்டு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அது மழை பொய்த்த ஆண்டு. கோதுமை முழங்கால் உயரம்கூட வளராமல் கருகிவிட்டது. ஊருக்கென்று மிஞ்சியிருந்தது ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகம் ஒன்றே. சனிக்கிழமை மதியம் மைதானத்தைச் சுற்றியுள்ள வெள்ளை வேலியை நோக்கிக் கார்கள் மூக்கை நீட்டி வரிசையாக நிற்கும். தங்கள் அணி கோல் அடித்தால் யாரும் கை தட்டுவதில்லை, ஹாரன்கள் அலறும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலியில் ஓர் இடம் உண்டு. ஊர்ப்பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வலப்புறம், இருபத்தாறு ஆண்டுகளாக, கிளாரி ட்ரெலோரின் பச்சை நிற ஹோல்டன் கார் நின்று வந்தது.

சென்ற செப்டம்பரில், அரையிறுதி ஆட்டத்தின் கடைசி விநாடியில் குர்ரபின் வென்றபோது, அந்தக் காரின் ஹாரன் ஒலித்தது. ஒலித்தது நிற்கவேயில்லை. கிளாரிக்கு மகிழ்ச்சி தலைக்கேறிவிட்டது என்று எண்ணி, மைதானத்தைச் சுற்றியிருந்த அத்தனை கார்களும் பதில் ஹாரன் கொடுத்தன. நான்கு நிமிடம் ஊரே அலறியது. பிறகு, கைகுலுக்குவதற்காக ஜன்னலருகே போன மெர்வ் ஹாக்கிங், ஸ்டீயரிங்கின்மேல் மார்பு சரிந்து கிடந்த நண்பரைக் கண்டார்.

இறுதிச் சடங்கு முடிந்த மாலையே கிளாரியின் மகன் நெவில் காரின் முன்மூடியைத் திறந்து, ஹாரன் ஒயரைப் பிடுங்கி, முனையில் கறுப்பு டேப் சுற்றிவிட்டான். இதை அவன் தன் தங்கை கோரலிடம் மட்டுமே சொன்னான் என்பதைப் போன வாரம் பார்த்தோம். அவர்களுடைய தாய் வெர்னாவுக்கு அது தெரியாது. ஹாரன் அடிப்பது கணவரின் வேலை என்று அவள் அதைத் தொடுவதேயில்லை.

ஆனால் கணவரின் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். இந்த ஆண்டு சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டங்கள் அனைத்தையும் குர்ரபின் வென்றது, ஒன்றைத் தவிர. அன்று காரின் பாட்டரி செத்துப்போய், அது இடைவேளைக்குப் பிறகே வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த இடத்துக்குக் கயிறு கட்டிக் காவல் வைத்தது ஊர்.

இன்று மறுபடியும் அரையிறுதி.

*

காலையில் வெர்னா அடுப்பருகே நின்று தெர்மாஸில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடக்கை தாடையைத் தேய்த்துக்கொண்டேயிருந்தது.

மெல்போர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் செவிலியாகப் பத்தாண்டு வேலை பார்த்திருந்த கோரலின் கண்கள் அந்தக் கையைவிட்டு அகலவில்லை.

“அம்மா, பல் வலியா?”

“பல்லைத்தான் ராத்திரி கழட்டி டம்ளர்ல போடறேனே. வலிச்சா டம்ளருக்குத்தான் வலிக்கணும்.”

“அப்போ தாடையை ஏன் தேய்க்கற?”

“உன்ன மாதிரி கேள்வி கேக்கறவளப் பெத்தா வேற எதைத் தேய்க்கறது?”

கோரல் தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இரண்டு அடி நடந்து, ஓர் அடி தடுக்கி, மறுபடி நடந்தது. உதடுகளில் சாம்பல் பூத்திருந்தது.

“இன்னைக்கே டாக்டர்கிட்ட போறோம்.”

“திங்கக்கிழமை போகலாம்.” வெர்னா கையை விடுவித்துக்கொண்டாள். “உங்கப்பா தொப்பியை எங்க வெச்சேன்? அது டேஷ்போர்டுல இருக்கணும்.”

அவள் உள்ளறைக்குப் போன சமயத்தில் நெவில் பையுடன் வந்தான். முப்பத்துமூன்று வயது, அணியின் தலைவன், முழங்கால்கள் இரண்டும் ஓய்வு கேட்டுக் கெஞ்சும் ஆண்டு.

கோரல் குரலைத் தாழ்த்தினாள். “அம்மாவுக்கு இதயத்துல கோளாறு இருக்கு. அந்தக் காருக்குள்ள மூணு மணி நேரம் உக்காரக் கூடாது.”

“நிச்சயமா தெரியுமா?”

“நான் தெனமும் பார்க்கறதே இதைத்தானே.”

“அதில்ல. இன்னைக்கே போகணும்னு நிச்சயமா தெரியுமா? நாளைக்குக் காலையிலன்னா நானே தூக்கிட்டுப் போறேன்.”

கோரல் அண்ணனை உற்றுப் பார்த்தாள். “ஒயரைப் பிடுங்கிப் போட்டவன் நீ. நீயுமா இதை நம்பற?”

“நம்பல.” அவன் பையின் வாரை இழுத்து இழுத்து விட்டான். “ஆனா அந்தக் கார் அங்க இல்லேன்னா எனக்குக் காலே வரமாட்டேங்குது. சின்ன வயசிலேருந்து அதைப் பார்த்துத்தான் கோலுக்கு உதைக்கறேன். நான் உதைக்கறதுக்கு முன்னாடி அப்பா சின்னதா ஒரு ஹாரன் அடிப்பார். ‘இங்கதாண்டா இருக்கேன்’னு சொல்ற மாதிரி. இப்போ அந்தச் சத்தம் இல்ல. காரையும் எடுத்துட்டா...”

அதற்குள் தொப்பியோடு வெர்னா திரும்பி வந்துவிட்டாள். கோரல் தானும் காரில் கூடவே உட்காருவதென்று முடிவு செய்தாள். அன்றைக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

*

மதியம் வடகாற்று எழுந்தது. உழுது போட்ட வயல்களின் மண் காற்றோடு கிளம்பி வந்தது. சூரியன் ஆறிப்போன தேநீரின் நிறத்துக்கு மாறியது.

பச்சைக் கார் தன் இடத்தில் நின்றது. கண்ணாடித் துடைப்பான்களில் யாரோ அணியின் மஞ்சள் கறுப்பு நாடா கட்டியிருந்தார்கள். வேலியோரமாகப் போனவர்கள் ஒவ்வொருவராக நின்று காரின் முன்மூடியைத் தொட்டார்கள். ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடும்போது, வரிசையாகக் கையை நீட்டி அதே இடத்தைத் தொட்டுக்கொண்டு ஓடினார்கள். அந்த இடத்தில் பச்சை வண்ணம் தேய்ந்து உள்ளங்கை அளவுக்குத் தகரம் தெரிந்தது.

தொட்டவர்களில் ஒருவர்கூடக் கண்ணாடிக்குள் பார்க்கவில்லை. முதலில் அதைக் கோரல் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அவளால் வேறெதையும் கவனிக்க முடியவில்லை.

பக்கத்துக் காரிலிருந்து மெர்வ் வந்து ஜன்னலில் குனிந்தார். “எப்படி இருக்கு நம்ம கார்?”

“கார் நல்லா இருக்கு. அம்மா எப்படின்னு கேட்க மாட்டீங்களா, மெர்வ்?”

“வெர்னாவுக்கு என்ன! இரும்பாச்சே.” அவருடைய கண் கண்ணாடியின் மேல்விளிம்பில் இருந்தது. “ரெண்டு விரல்தானே இறக்கியிருக்கு? போன வாட்டி மூணு விரல் இறங்கியிருந்ததுன்னு கேன்டீன் பெரில் சொன்னா. அன்னைக்கு ரெண்டு பாயிண்ட்லதான் தப்பிச்சோம்.”

வெர்னா கண்ணாடியின் மேல் இரண்டு விரலை வைத்து அளந்து காட்டினாள். மெர்வ் நிம்மதியோடு போய்விட்டார்.

“அம்மா, இவங்க யாருமே உன் மூஞ்சியைப் பார்க்கலையே.”

“எதுக்குப் பார்க்கணும்? ஆட்டத்தைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க.”

நான்கு பகுதிகள் கொண்ட ஆட்டம் தொடங்கியது. மண் புயல் அடர்ந்தது. இரண்டாம் பகுதியில் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பங்கள் மறைந்தன. கார்கள் முன்விளக்குகளைப் போட்டன. மைதானத்தைச் சுற்றி மங்கிய விளக்குகள் ஜோடி ஜோடியாக வளையமிட்டு நிற்க, நடுவே உருவங்கள் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தன. எங்கோ ஒரு கோல் விழும். பார்க்க முடியாத பக்கத்திலிருந்து ஹாரன்கள் அலறும். அவை எதிரணியின் ஹாரன்கள்.

மூன்றாம் பகுதி முடிந்தபோது குர்ரபின் இருபத்துமூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது.

வெர்னாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவள் ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மார்பு வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“இறங்கு. முதலுதவி வண்டி கேட் பக்கத்துலயே நிக்குது.”

“இன்னும் ஒரு பகுதிதான்.”

“அம்மா! நீ இல்லாட்டாலும் அவங்க ஆடுவாங்க. ஜெயிப்பாங்க, தோப்பாங்க. உனக்கும் அந்தப் பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது வெறும் பைத்தியக்காரத்தனம்.”

வெர்னா திரும்பி மகளைப் பார்த்தாள். அவள் குரல் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது.

“போன வருஷம் இதே நேரத்துல உங்கப்பா என்கிட்ட சொன்னார். ‘வெர்னா, மார்ல ஒரு மாதிரியா இருக்கு, போயிடலாமா’ன்னார். நாம மூணு பாயிண்ட்ல முந்தியிருந்தோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘நீங்க எழுந்தா கெட்டுடும் கிளாரி, இன்னும் அரைமணிதானே’ன்னேன். டீ ஊத்த கேன்டீனுக்குப் போயிட்டேன். ஹாரன் கேட்டப்போ அங்க எல்லார்கிட்டயும், ‘கேளுங்கடி, எங்க ஆளு குஷியை’ன்னு சிரிச்சேன்.”

காற்று கண்ணாடியின் இரண்டு விரல் இடைவெளியில் ஊளையிட்டது.

“இதுக்கும் அந்தப் பந்துக்கும் சம்பந்தம் இல்லேன்னா,” என்றாள் வெர்னா, “நான் எதுக்காக அவரை உக்கார வெச்சேன்? சொல்லு, கோரல். எதுக்காக?”

பத்தாண்டு ஆஸ்பத்திரியில் கோரல் கற்றதெல்லாம் அந்தக் கேள்வியின் வாசலோடு நின்றுவிட்டது. தாய் எழுந்தால் அவள் உயிர் பிழைக்கும். ஆனால் எழுந்த பிறகு எதை வைத்துக்கொண்டு வாழ்வது?

அடுத்த வலியில் வெர்னாவின் தலை பின்னால் சாய்ந்தது.

“நான் உக்கார்றேன்,” என்றாள் கோரல். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே வியப்பாயிருந்தது. “உன் இடத்துல நான் இருக்கேன். ஆட்டம் முடிஞ்சு சைரன் அடிக்கறவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். நீ இறங்கு.”

வெர்னா கண்ணைத் திறந்தாள். “ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கக் கூடாது.”

“இருக்காது.”

கோரல் ஜன்னல் வழியாக மெர்வை அழைத்தாள். ஆட்கள் ஓடி வந்தார்கள். வெர்னாவை அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே எடுக்க எடுக்க, கோரல் இந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து அவளுடைய இடத்துக்கு வந்தாள். தாயின் உடற்சூடு இருக்கையில் இருந்தது. அவளைச் சுமந்துபோன தூக்குப்படுக்கைக்குக் கூட்டம் வழிவிட்டது. வெர்னா எப்படியிருக்கிறாள் என்று கேட்கும் குரலுக்காகக் கோரல் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“சீட்ல யாரு?” என்றது ஒரு குரல்.

“பொண்ணு. பொண்ணு உக்காந்திருக்கு,” என்றது இன்னொன்று. கூட்டம் முழுவதும் மூச்சை விட்டது கேட்டது.

*

கோரலின் திட்டம் எளிமையானது. தாயை வண்டியில் ஏற்றியதும், இவள் இறங்கி ஓடிப் பின்னாலேயே ஏறிக்கொள்வாள். ஒரு நோயாளியை வண்டியில் ஏற்ற எந்தப் பொய்யும் சொல்லலாம் என்பது அவள் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

வண்டியின் சிவப்பு விளக்கு மண்ணுக்குள் சுழன்றது. அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள்.

அந்த நொடியில் குர்ரபின் ஒரு கோல் அடித்தது.

சுற்றிலும் ஹாரன்கள் வெடித்தன. கோலுக்கு ஆறு புள்ளி; இருபத்துமூன்று பதினேழாயிற்று. தற்செயல்தான், என்று கோரல் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வண்டி நகரத் தொடங்கியது. இப்போது இறங்கினால் பிடித்துவிடலாம். இன்னும் ஒரு கோல் விழுந்தது. பதினொன்று.

சிவப்பு விளக்கு கேட்டைத் தாண்டிப் பழுப்புக்குள் கரைந்தது. கோரலின் கை கைப்பிடியிலேயே இருந்தது. பெற்ற தாய் தனியே போகிறாள்; தான் ஒரு காருக்குள் உட்கார்ந்து புள்ளிகளைக் கழித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அவள் எழவில்லை. கண்ணாடியின் இடைவெளியை இரண்டு விரலால் அளந்து பார்த்தாள்.

கடைசி நிமிடத்தில் குர்ரபின் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. ஒரு கோல் என்றால் ஆறு. மண்ணுக்குள்ளிருந்து நெட்டையாக ஓர் உருவம் எம்பிப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தது. சைரன் ஊளையிட்டது. சைரனுக்கு முன்பே பந்தைப் பிடித்தவனுக்கு ஓர் உதை மிச்சம் உண்டு.

அது நெவில்.

அவன் எழுந்து நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். அவனுக்குக் கம்பங்கள் தெரியவில்லை என்பது கோரலுக்குப் புரிந்தது. ஐம்பது மீட்டர் தொலைவில், விளக்குகளின் வளையத்துக்குள், திசை தெரியாமல் தன் அண்ணன் நிற்கிறான்.

மைதானம் அடங்கியது.

கோரலின் உள்ளங்கை ஸ்டீயரிங்கின் நடுவே போய் அமர்ந்தது. அந்த ஹாரனுக்கு உயிரில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அழுத்தினாள், சின்னதாக, ஒரே ஒரு தடவை. இங்கதாண்டா இருக்கேன்.

எந்தச் சத்தமும் வரவில்லை. ரப்பர் அமுங்கியது, எழுந்தது, அவ்வளவே.

நெவிலின் தலை வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பியது.

அவன் நேராகப் பச்சைக் காரைப் பார்த்தான். அரையடி இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டான். நான்கு எட்டு ஓடி உதைத்தான். பந்து பழுப்பு வானத்தில் மறைந்து, கம்பங்களின் நடுவே கூரையளவு உயரத்தில் மறுபடியும் தோன்றியது.

அத்தனை ஹாரன்களும் அலறின.

*

ஹாரன்கள் ஓய்வதற்குள் நெவில் வேலியைத் தாண்டி ஓடிவந்தான். முகமெங்கும் மண், கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

“யாரு சரி பண்ணினா?”

“எதை?”

“ஹாரனை! நீயா அடிச்ச? நான் கேட்டேன் கோரல். அப்பா அடிக்கற மாதிரியே. சின்னதா.”

“நான் அழுத்தினேன். சத்தம் வரல.”

“வராம எப்படி? அரை மைலுக்குக் கேட்டிருக்குமே!” என்றார் பின்னால் வந்து நின்ற மெர்வ். “பெரில் அழுதே போயிட்டா.”

நெவில் முன்மூடியைத் திறந்தான். கோரல் இருக்கையிலிருந்தபடியே அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நெடுநேரம் குனிந்தே நின்றான். பிறகு ஓர் ஒயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். முனையில் கறுப்பு டேப், அவன் சுற்றிய சுற்று மாறாமல், மேலே ஒரு வருஷத்துத் தூசியோடு இருந்தது.

மெர்வ் அதைப் பார்த்தார். “மூடு, மூடு. எஞ்சினுக்குள்ள மண்ணு போகும்,” என்றார் தணிந்த குரலில், எதையும் பார்க்காதவரைப் போல.

அரைமணி கழித்துக் கழக அறையின் தொலைபேசியில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. பெரில் அதைத் தாளில் எழுதிக்கொண்டு ஓடிவந்தாள். வெர்னா ட்ரெலோருக்கு மாரடைப்பு. நேரத்தோடு வந்து சேர்ந்ததால் பிழைத்துவிட்டாள். நாளை மெல்போர்னுக்கு அனுப்புகிறார்கள்.

கோரல் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“இன்னும் இருக்கு,” என்று பெரில் தாளைத் தூக்கிப் பிடித்தாள். “அவளே சொல்லச் சொன்னாளாம். ‘வண்டியில வர்றப்போ ஹாரன் கேட்டுச்சு. கோரல்கிட்ட சொல்லுங்க. அவ எழுந்திரிச்சுடப் போறா.’”

கோரல் ஹாரனை அழுத்தியபோது வண்டி ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டராவது போயிருக்கும்.

“அம்மாகிட்ட போகணும்,” என்றாள் கோரல். “நெவில், வா. இந்தக் கார்லயே போயிடலாம்.”

நெவில் தரையைப் பார்த்தான். “இந்தக் கார்லயா?”

“அதை எடுக்க வேணாம் கண்ணு,” என்றார் மெர்வ். குரலில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. “அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டமும் இங்கதானே. வெர்னாவுக்குத் துணையா நெவில் என் வண்டியில போகட்டும். அதுவரைக்கும் நீ இங்கயே சௌகரியமா இரு. பெரில் சூடா சூப் கொண்டு வருவா. கம்பளி இருக்கு.”

“மெர்வ், ஆட்டம் முடிஞ்சுடுச்சு. சைரன் அடிச்சாச்சு. நான் சொன்ன வாக்கும் அதோட முடிஞ்சுது.”

“சரிதான், சரிதான்,” என்றார் அவர். அவருடைய கை மட்டும் கார்க் கதவின் மேல் சாய்ந்தபடியே இருந்தது.

கோரல் அண்ணனைப் பார்த்தாள். “ஏதாவது சொல்லேன்டா.”

நெவிலின் உள்ளங்கை, அவன் அறியாமலே, முன்மூடியில் வண்ணம் தேய்ந்த அந்த இடத்தில் இருந்தது.

அவள் கைப்பிடியைத் திருப்பி, தோளால் கதவைத் தள்ளினாள். மெர்வின் கை கணநேரம் தடுத்துப் பிறகு விலகியது. கதவு திறந்தது. கோரல் ஒரு காலைக் கீழே வைத்தாள்.

வேலியோரம் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். புறப்படத் தயாரான கார்களின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மண் மெல்லப் படிந்துகொண்டிருந்த அந்த மைதானத்தில், இந்த ஆண்டிலேயே முதல் தடவையாக, எல்லோரும் அந்தக் காருக்குள் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

கோரலின் ஒரு கால் மண்ணில் இருந்தது. மற்றொரு கால் இன்னும் காருக்குள் இருந்தது.